என்னோடு வந்தவர்

ஆசிரமத்துக் கணினி அறையில் திருவேங்கடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு நிறைமதிக்குத் தேர்வு. பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை. கேள்விகளை விரலால் தடவிப் படிக்கிற பழைய பிரெயில் கருவி நேற்று விழுந்து உடைந்துவிட்டது. யாரோ புண்ணியவான் அனுப்பிய புதிய கருவியை லினக்ஸ் கணினி ஏற்கவில்லை. பிள்ளையின் ஒரு வருஷத்து உழைப்பு.

யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்கினார், செருகினார். மறுபடி பிடுங்கினார்.

"வருமா ஐயா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறைமதி.

"வரும்மா, வரும்."

"உங்க குரலைக் கேட்டா வராது போலிருக்கே."

குரு ஞானசுந்தரி அம்மை வந்து நின்றார். வயதில் சீடர் திருவேங்கடத்தைவிட இளையவர்.

"தாயே, கணினிக்கு இதன் எண் தெரிகிறது. ஆனால் புது எண் என்று, கருவிகளோடு பேசுகிற டிரைவர் மென்பொருள் எதுவும் இதோடு பேச மாட்டேன் என்கிறது. உள்ளே இருப்பதென்னவோ பழைய கருவியில் இருந்த அதே மின்னணுச் சில்லுதான்."

"பந்திக்கு வாருங்கள், ஐயா."

"இப்போதா தாயே!"

"இப்போதுதான்."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவருக்குத் தானாக இலை விழாது. பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர், "இவர் என்னோடு வந்தவர்" என்று சொல்ல வேண்டும்.

அன்று ஒரு பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பரிமாறுகிறவர் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்.

குரு போய் உட்கார்ந்தார். அவளைக் காட்டி, "என்னோடு வந்தவர்" என்றார்.

இலை விழுந்தது.

திருவேங்கடம் அந்த இலையையே பார்த்தபடி நின்றார். பிறகு, ஆண்டவனே என்று கணினி அறைக்கு ஓடினார்.

பழைய கருவியோடு பேசிய டிரைவர் இருக்கிறதல்லவா, அதற்கு ஒரே ஒரு வரி தட்டினார்: இந்த எண்ணும் உன்னுடையது.

"ஐயா, புள்ளி எழும்புது!" என்றாள் நிறைமதி.

அவளைத் தேர்வுக்கு உட்கார வைத்துவிட்டு சீடர் அடுக்களைக்குப் போனார். குரு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவற்றை எடுத்துப்போய்க் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சீடர் குரலைத் தாழ்த்தினார். "யார் தாயே அவர்?"

"தெரியாது, ஐயா."

"அப்படியானால் நீங்கள் சொன்னது பொய்யில்லையா?"

குரு அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

"சொல்லும்போது எனக்கும் பயம்தான், ஐயா. இலை விழுந்த பிறகு, என்னோடு வந்தவர்தானே?"