இரண்டு தலை ரூபாய்

நாணயக் கண்காட்சியில் ஏலமணி அடிக்கப்போகிற நேரம். இரண்டு பக்கமும் தலை உள்ள ரூபாயைத் தூக்கிக் காட்டி, "நாணயச்சாலை செஞ்ச அச்சுப்பிழை! கோடியில ஒண்ணு!" என்று முழங்கினார் வியாபாரி தணிகாசலம்.

கண்ணாடிப்பெட்டி துடைக்கும் செங்கமலம், "ஓரத்துல கோடு தெரியுதுங்க. ஒட்டுவேலையோ?" என்றாள்.

"மணி அடிக்கறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா உன் வேலை போச்சு!"

செங்கமலம் கையைப் பிசைந்தாள். "நெசமான பிழைன்னா, ரெண்டு பக்கமும் பூ இருக்கற ஜோடியும் இருக்கணுமாம். உங்ககிட்ட ஏதுங்க அது?"

"ஏன் இல்லை?" சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். "பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் ஒரே கீறல்தான். பாதி இதுல, பாதி அதுல. ரெண்டு காசைப் பிளந்து தலையோட தலையை ஒட்டினா, பூ ரெண்டும் மிஞ்சுமில்லைங்களா? ஐயா அதைக்கூட வீணாக்கலை."

மணி அடித்தது. ஒரு கைகூட உயரவில்லை.