புலவர் முடிக்காத விளக்கம்

அரசர்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த ஒரு காலத்தில், ஓர் அரசருக்கு விருந்து உண்ட கையோடு வினோதமான ஆசை ஒன்று வந்தது. சபைக்கு வந்ததும் விகடகவி சொக்கேசனை அழைத்தார்.

"சொக்கேசா, நீ ஒரு விடுகதை போட வேண்டும். கேட்கும் பெரியவர்கள் கூச்சத்தில் நெளிய வேண்டும். விடையையோ ஒரு குழந்தைகூடக் கூசாமல் சொல்ல வேண்டும். தவறினால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

சொக்கேசன் சபையைச் சுற்றிப் பார்த்தான். ராணியும் சபையினரின் மனைவிமாரும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒரு சொல் எல்லை மீறினாலும் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே சபைப் புலவர் அழகாத்திரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொக்கேசன் மேல் அவருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல்.

சொக்கேசன் தொண்டையைச் செருமினான்.

"கீழே இருப்பவள் இடம் கொடுப்பாள். மேலே இருப்பவன் இறங்கி அமுக்குவான். நெளிந்து நெளிந்து பிள்ளைகள் பிறக்கும். அது என்ன?"

அமைச்சர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். அரசர் மீசையை ஒதுக்குவது போல வாயை மறைத்துக்கொண்டார்.

அழகாத்திரி துள்ளி எழுந்தார். "ஆபாசம், அரசே. பெண்கள் இருக்கும் சபையில் பச்சை ஆபாசம். இவனை இப்போதே நாடு கடத்த வேண்டும்."

சொக்கேசன் பணிவாகக் கைகட்டினான். "அரசே, ஒருவன் பேச்சில் குற்றம் கண்டவர், அது இன்ன குற்றம் என்று எல்லோர் காதிலும் விழும்படி விளக்க வேண்டும் என்பது நம் சபை வழக்கம். புலவர் விளக்கட்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை."

"வழக்கத்தை மீற முடியாது. விளக்கும், புலவரே," என்றார் அரசர்.

அழகாத்திரிக்கு வியர்த்தது. "கீழே ஒருத்தி என்கிறான்..."

"ஆமாம்," என்றான் சொக்கேசன்.

"இடம் கொடுக்கிறாளாம்..."

"எதற்கு?"

"அது வந்து... அதாவது..."

"நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். புலவரின் மனைவிதான். "வீட்டில் எந்நேரமும் சுவடியே கதி என்று கிடக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி இதெல்லாம் தோன்றியது?"

சபை குலுங்கிச் சிரித்தது. ராணியின் மடியிலிருந்த சின்ன இளவரசி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"முறுக்கு அச்சு. இதுகூடவா தெரியாது? பிழிந்ததும் எண்ணெயில் போடுவார்களே."

அழகாத்திரி உட்கார்ந்துவிட்டார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போடும்போது அவன் காதோரம் குனிந்தார்.

"உண்மையைச் சொல்கிறேன். புலவருக்குத் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது."

"தெரியும், அரசே. தங்களுக்கு முன்னால் புலவர் எழுந்தது தங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இந்நேரம் ராணியாருக்குத் தாங்கள் விளக்கிக்கொண்டிருப்பீர்கள்."

அரசர் மறுபடியும் சிரித்தார். இந்த முறை திரைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார்.