குளத்துச் சாசனமும் ஒரு பானைக் கரையானும்

மந்தக்குளம் என்று ஓர் ஊர். சொன்ன சொல்லை அங்கே யாரும் தட்டமாட்டார்கள். அந்த ஊருக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

சாவடிக்கு வெள்ளையடித்தபோது உத்தரத்துக்கு மேலே ஒரு பழைய காகிதம் கிடைத்தது. ஊர்க் குளம் மந்தக்குளத்தாருக்கே சொந்தம் என்று எந்தக் காலத்திலோ ஒரு ராஜா எழுதிக் கொடுத்த சாசனம்.

நாட்டாமை கொப்பையாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தக் குளத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது அவருடைய மாமியார் ஊர். குளம் கைமாறினால், கால் கழுவக்கூட மாமியாரிடம் போய் நிற்கவேண்டும். அந்தம்மா குணத்துக்கு ஒரு காலைக் கழுவவிட்டு, இன்னொரு காலுக்கு நாளைக்கு வா என்பாள்.

அதை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்க உடனே பட்டணத்து ஆவணக் காப்பகத்துக்குப் போனார். அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "அசலை எங்ககிட்டக் கொடுத்துடுங்க. ஊருக்கு ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க. இம்மியும் வித்தியாசம் இருக்கக் கூடாது. அசல்ல ஓர் எழுத்துகூட வீணாகாமக் கொண்டு வாங்க."

கொப்பையா வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஊரில் எழுதத் தெரிந்தவன் அவருடைய அக்காள் மகன் ஒச்சாண்டி. அவன் நகல் எழுதி முடித்ததும் கொப்பையாவின் பெண்சாதி பெருமாயி எட்டிப் பார்த்தாள்.

"அதுல கரையான் அரிச்ச ஓட்டை இருக்கு. இதுல எங்கே?"

நியாயம்தானே? ஊசியால் ஓட்டை போட்டார்கள். அசல் பழுப்பாக இருந்தது. நகலை அடுப்புப் புகையில் காட்டினார்கள். அசல் விறைப்பாக இருந்தது. நகலுக்குச் சோற்றுக் கஞ்சியைத் தடவிக் காயவைத்தார்கள். அசலின் மூலையில் பல்லி எச்சம் இருந்தது. ஒச்சாண்டி நகலை ஏந்திக்கொண்டு ஒரு பல்லிக்குக் கீழே அரைநாள் நின்றான்.

கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இம்மியும் வித்தியாசமில்லை. ஊரே பூரித்துப்போனது.

"சரி, இதுல எது அசல்?" என்றார் கொப்பையா.

எல்லாரும் ஒச்சாண்டியைப் பார்த்தார்கள்.

"ஏன்டா, உன் கையெழுத்து உனக்கே தெரியாதா?"

"தெரியும் மாமா. வித்தியாசம் கூடாதுன்னீங்களே, அதான் ராஜா கையெழுத்துலயே எழுதிட்டேன்."

"ரெண்டையுமே கொடுத்துட்டா என்னங்க?" என்றாள் பெருமாயி.

"ஒண்ணு பொய்யாச்சேடி! பொய்ச் சாசனம் கொடுத்தோம்னு தெரிஞ்சா குளம் உங்கம்மா மடியில போய் விழுந்துடும்."

பெருமாயி யோசித்தாள். "ஏங்க, அசலை இத்தனை காலமாத் தின்னது கரையான். அதுக்குத் தெரியாதா ருசி?"

இப்படி ஒரு மூளை தன் வீட்டிலேயே இருக்கிறதே என்று கொப்பையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு காகிதத்தையும் சாவடிக்குப் பின்னால் இருந்த புற்றில் வைத்தார்கள். தீர்ப்புச் சொல்பவர்களை முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எல்லாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

மறுநாள் விடிந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு காகிதம் அப்படியே கிடந்தது. கஞ்சி மணத்த இன்னொன்றைக் காணோம்.

"தின்னதுதான் அசல்!" என்று கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"அப்போ அசல் எங்கே மாமா?"

"எங்கேடா போயிடும்? எல்லாம் அதுங்க வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. ஆளுக்கு ஓர் எழுத்து வெச்சிருக்கும். ஒண்ணுவிடாம அள்ளு!"

புற்றையே பெயர்த்துப் பானையில் போட்டார்கள். மிச்சமிருந்த காகிதத்தால் பானையின் வாயைக் கட்டினார்கள். கொப்பையா அதைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் காப்பகத்து மேசைமேல் இறக்கினார்.

அதிகாரியின் கண் மேலே கட்டியிருந்த காகிதத்தில் நின்றது. மெதுவாக அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடா, சுத்தமான அசல்! குளம் உங்களுக்குத்தான்யா!"

கொப்பையா அதிகாரியையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகாரி படித்தவர்தான். ஆனால் கரையான் பரம்பரை பரம்பரையாகக் காகிதம் தின்கிற குடும்பம். யாரை நம்புவது? குளம் போய்விடக் கூடாதே என்கிற பதைப்பில் காகிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"ஏமாந்துடாதீங்க ஐயா. அது நாங்க பண்ணின போலி. அசல் இந்தா இருக்கு!" என்று பானையை மேசைமேல் கவிழ்த்தார்.

அதிகாரி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். கரையான்கள் மேசைக் கால் வழியாக வரிசையாக இறங்கி, பழைய கட்டுகள் நிறைந்த அலமாரிகளை நோக்கி நடந்தன.

கொப்பையா மெய்சிலிர்த்துக் கைகூப்பினார். "பார்த்தீங்களா ஐயா, அசல்னா அசல்தான்! எந்த அலமாரின்னு நீங்க சொல்லவே வேண்டாம், அதுவே போய் அடுக்கிக்குது!"