இலங்கையை விழுங்கிய வார்டு

ஜெசிந்தா குரு. முத்துக்குட்டி சீடர். சீடருக்குக் குருவைவிட இருபது வயது கூடுதல்.

வீட்டு பிளான் வரைவதில் தூத்துக்குடியில் முத்துக்குட்டியை அடிக்க ஆளில்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். மேப் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவின் அலுவலகத்துக்கு வந்தவர், வந்த அன்றே அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவள் அவருக்கு ஒரு டெம்ப்ளேட் ஃபைலைக் கொடுத்தாள். எதை வரைந்தாலும் இதைத் திறந்து, இதற்குள் வரையச் சொன்னாள்.

திறந்தார். ஒரு கோடுகூட இல்லை.

"இதுல என்ன டீச்சர் இருக்கு?"

"வரைஞ்சு பாருங்க அண்ணாச்சி."

"வெறும் தாள்தானே? எங்கிட்ட இல்லாத வெறும் தாளா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சீடர் தன்னுடைய வெறும் தாளிலேயே வேலையைத் தொடங்கினார்.

வரைந்தது அவருடைய சொந்த வார்டை. ஐப்பசி மழை என்றால் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மனைவி செல்வக்கனி அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இந்த வருடம் மழைக்கு முன்னால் வடிகால் வேலை நடக்கப்போகிறது. வார்டுக்கு ஓர் ஆள் வரைந்து கொடுக்க, எல்லாவற்றையும் ஒரே மேப்பில் சேர்த்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாநகராட்சி இன்ஜினியர் முடிவு செய்வார். மேப்பில் இல்லாத வார்டு அடுத்த வருடம்தான்.

அதனால் மனுஷன் உயிரைக் கொடுத்து வரைந்தார். கல் மூடிய பழைய வாய்க்கால் ஒன்று அவர் தெரு வழியே போய், வார்டு எல்லையில் ஒரு சுவரடியில் காணாமல் போகும். அதையும் டேப் பிடித்து அளந்து, சுவர் வரை போட்டார்.

வெள்ளி மதியம் படத்தை மேப்பில் திறந்தார்கள். வார்டு காலியாக இருந்தது.

"எங்க டீச்சர்? காணோமே!"

ஜெசிந்தா மேப்பைச் சுருக்கிக்கொண்டே போனாள். தெரு மறைந்தது, ஊர் மறைந்தது, தமிழ்நாடே உள்ளங்கை அளவுக்கு வந்தது. அப்போது தெரிந்தது. நடுக்கடலில் விரிந்து கிடந்தது அவர் வார்டு. கொழும்பு அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, இலங்கையையும் நம்ம வார்டுல சேத்துட்டீங்களே!"

அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டு பிளான் போடுகிறவர் தாளின் மூலையைச் சுழியமாக வைத்து, மில்லிமீட்டரில் அளந்து, தெரு நேராகத் தெரியும்படி படத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு அது போதும். மேப்போ அவருடைய மில்லிமீட்டரை மீட்டராக எடுத்துக்கொண்டது. அதன் சுழியம் பூமத்திய ரேகையில் இருந்தது.

"இழுத்துட்டு வந்து வச்சிரலாம்லா?"

"வைங்க."

சுருக்கினார், இழுத்தார். துறைமுகத்தில் போய் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தார். உப்பளத்தில் கோணலாக விழுந்தது. மூன்று மணி ஆகிவிட்டது.

"போச்சு டீச்சர். இந்த மழைக்கும் எங்க வீட்டுல தண்ணிதான்."

ஜெசிந்தா டெம்ப்ளேட்டைத் திறந்தாள். "மேப்போட சுழியமும் மீட்டரும் இதுக்குள்ள ஏற்கெனவே இருக்கு" என்று அவர் படத்தை அதற்குள் கொண்டுவந்தாள்.

"அசையாத ரெண்டு இடம் சொல்லுங்க."

"வாட்டர் டேங்க். அப்புறம்... தெருமுனையில மாதா சிலை வச்ச கெபி."

இரண்டுக்கும் ஜிபிஎஸ்ஸில் எடுத்த எண்களைச் சொன்னாள். அவர் தட்டினார். படம் குறுகியது, திரும்பியது, ஒரே தாவாகத் தாவி ஊருக்குள் வந்து விழுந்தது.

"ஏ ஆத்தீ!" சீடர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, இன்னும் முடியல. வீடு வீட்டோட, ரோடு ரோட்டோட, வாய்க்கால் வாய்க்காலோட தனித்தனி அடுக்கா பிரிக்கணும். அடுக்குப் பேரெல்லாம் டெம்ப்ளேட்லயே இருக்கு, அதது உள்ள தள்ளிவிட்டாப் போதும்."

இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தள்ளினார்கள். இன்ஜினியரின் ஜீப் சத்தம் வாசலில் கேட்கவும் படம் மேப்பில் திறக்கவும் சரியாக இருந்தது.

பக்கத்து வார்டு ஏற்கெனவே அங்கே இருந்தது. அதில் ஒரு வாய்க்கால், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் ஒரு சுவரடியில் தொடங்கி நேராகக் கடலுக்குப் போனது. முத்துக்குட்டியின் வாய்க்கால் முடிந்த இடமும் அந்தச் சுவர்தான். இரண்டு கோடும் ஒன்றாகியிருந்தன.

"முட்டிட்டு டீச்சர்! முட்டிட்டு! கடலுக்குப் போவுது!"

உள்ளே வந்த இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "ஒரே வாய்க்காலா? சுவருக்கு அடியில அடைச்சிருக்கும். தூர் வாரினாப் போதும், திங்கக்கிழமையே ஆள் அனுப்புறேன்" என்றார்.

சீடர் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்ததுமே கத்தினார்: "செல்வக்கனி, இந்த ஐப்பசிக்கு அரிசி டிரம் கீழதான்!"

கொஞ்சம் மூச்சு வாங்கியதும் குருவிடம் திரும்பினார்.

"பக்கத்து வார்ட வரைஞ்சது யாரு டீச்சர்?"

"கோவில்பட்டியில ஒரு அம்மா, இங்கேருந்து அளவு அனுப்பி வரையச் சொன்னது. எங்கிட்ட தபால்ல படிச்சவங்க. நானே நேர்ல பாத்ததில்ல."

"நான் ஒரு போன்கூடப் பேசினதில்லையே. பிறகு எப்படி அவங்க கோடும் என் கோடும் மயிரிழை தப்பாம வந்து முட்டிச்சு?"

ஜெசிந்தா எல்லாவற்றையும் மூடினாள். டெம்ப்ளேட்டை மட்டும் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"அவங்களுக்கும் அனுப்பினது இதுதான். இதுலதான் பேசிக்கிட்டீங்க, அண்ணாச்சி."