குணம் அளந்த புளியங்கொட்டை

நெடுங்குளத்து அரசர் மாறகண்டருக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். அப்படிப்பட்டவரிடம் ஓலைக்கட்டோடு வந்து சேர்ந்தார் குணநிதிப் பண்டிதர்.

“அரசே, நேர்மையை அளக்கப் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தம்மைப் பற்றி ‘முழுக்க உண்மை’ என்றால் சட்டியில் ஐந்து புளியங்கொட்டை. ‘இல்லவே இல்லை’ என்றால் வெறுங்கை. ஐம்பது சேர்ந்தால் உத்தமர்!”

முதலில் அரசரே போட்டார். ஐம்பது! மகிழ்ந்துபோய் ஆணையிட்டார்: “ஐம்பது எடுத்தவரிடமே அரண்மனைச் சாவிகள். குறைந்தவர் வீட்டுக்குப் போகலாம்.”

சபையே ஐம்பது எடுத்தது. அவைப்புலவன் திருவாழியும் எடுத்தான். இருபது வருடம் ஒரு மணி நெல் குறையாமல் காத்த களஞ்சியக் காவலர் கருத்திருமன் மட்டும் முப்பத்தொன்று.

“என்ன அண்ணே, கொட்டைக்கா பஞ்சம்?” என்று பதறினான் திருவாழி.

“‘நான் பொய்யே சொன்னதில்லை’ன்னு இருந்துச்சு தம்பி. போன வாரம்தான் மாமியார் வச்ச குழம்பை நல்லாருக்குன்னேன். எப்படி அஞ்சு போட? மத்ததும் இப்படித்தான்.”

பொழுது சாய்வதற்குள் அவர் சாவியை ஒப்படைக்க வேண்டும். தன் ஐம்பது கொட்டையை நினைத்துத் திருவாழிக்குக் கூசியது. ஓலையையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு சிறைக்கு ஓடினான்.

மாலையில், ஏழு ஊரில் கன்னம் வைத்த கள்வன் மொட்டையனை விலங்கோடு சபையில் நிறுத்தினான்.

“அரசே, இவரும் ஐம்பது! ஆணைப்படி களஞ்சியச் சாவியைக் கொடுத்துவிடலாமா?”

பண்டிதர் எண்ணினார். ஐம்பதேதான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “கள்வன் பொய் சொல்கிறான்!”

“நானா? பொய்யா?” மொட்டையன் நெஞ்சில் கை வைத்தான். “‘பிறர் பொருளைத் தொடமாட்டேன்’னு இருந்ததுக்கு ஆறு போட்டேன் சாமி. புலவர் ஐயாதான் அஞ்சு போதும்னு ஒன்னைத் திருப்பிக் கொடுத்தாரு.”

“காவலர் குறைந்ததோ, மாமியார் குழம்பைப் பற்றிச் சொன்ன பொய்யைக்கூட மறைக்காததால்” என்றான் திருவாழி.

அரசரின் புருவம் நெரிந்தது. “அப்படியானால், நீ எத்தனை?”

திருவாழி ஓர் அடி முன்னே வந்தான். “ஐம்பது, அரசே. தங்களுக்குச் சமமாக. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். தங்களுக்கு என்ன பயமோ!”

அரசர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“கருத்திருமா, சாவி உம்மிடமே இருக்கட்டும். நாளைக்கு அந்தக் குழம்பில் ஒரு சட்டி கொண்டுவாரும். உண்மை சொல்ல நானும் எங்கேயாவது தொடங்க வேண்டுமே!”