இருமல் இல்லாத காடு

ஒரு காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்து ஓடியது. கிழக்குக் கரைக்குக் காட்டெருது தலைவன். மேற்குக் கரைக்குக் கரடி தலைவி. ஒரு கோடையில் இரண்டு கரைகளிலும் ஒரே இருமல் காய்ச்சல் பரவியது.

காட்டெருதுக்குத் தன் பலத்தில் பெருமை அதிகம். அது எல்லா விலங்குகளையும் கூட்டி, "இது பலசாலிகளின் காடு. இங்கே யாரும் இருமக் கூடாது. இருமினால் காட்டைவிட்டே துரத்திவிடுவேன்" என்றது.

அன்று முதல் கிழக்கே யாருக்கும் இருமல் இல்லை. யாரைக் கேட்டாலும், "நன்றாக இருக்கிறேன்" என்றார்கள்.

அங்கே ஒரு புதரில் அக்காளும் தங்கையுமாக இரண்டு முயல்கள் வாழ்ந்தன. அக்காளுக்கு உடம்பு கொதித்தது. இருமல் வரும்போதெல்லாம் அது சருகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மெதுவாக, அக்கா. பக்கத்தில் மான் படுத்திருக்கிறது."

"அடக்க முடியவில்லையே, நான் என்ன செய்வேன்?"

தங்கை காதை நிமிர்த்தியது. மான் படுத்திருந்த பக்கத்திலிருந்தும் அடக்கிய இருமல் ஒன்று கேட்டது. அதற்கும் அப்பால் இன்னொன்று. இவர்கள் எல்லோரும் ஒரே குட்டையில்தானே தண்ணீர் குடிக்கிறார்கள்!

மேற்குக் கரையிலோ, ஒரு மந்தி தினமும் மரத்தில் ஏறிக் கூவியது. "இன்று காட்டுப்பன்றிக்கு இருமல். கீரிக்கும் இருமல். யாரும் கிட்டே போகாதீர்கள், உணவை எட்ட வைத்துவிட்டு வாருங்கள்."

அதைக் கேட்ட கிழக்குக் கரை விலங்குகள், "ஐயோ பாவம், அந்தக் காடு அழிந்துவிடும்" என்று பேசிக்கொண்டன.

ஒரு காலையில் மான் எழுந்திருக்கவில்லை. "வயதாகிவிட்டது" என்றது காட்டெருது. அது இளம் மான். மறுநாள் ஒரு மயில் விழுந்தது. "பாம்பு தீண்டியிருக்கும்" என்றது. பிறகு அது காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டது. வானத்தில் கழுகுகள் பெருகின.

அக்காளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"அக்கா, ஆற்றைக் கடந்துவிடலாம்."

"அங்கேதான் நோய் அதிகமாமே. சாகவா போகிறோம்?"

"இங்கே உனக்கு நோய் என்று சொல்லக்கூட முடியவில்லையே."

தண்ணீர் வற்றிக் கிடந்த ஆற்றில், பாறைக்குப் பாறை நின்று நின்று இரண்டும் அக்கரை சேர்ந்தன. வழியெல்லாம் தங்கைக்கு ஒரே பயம். அங்கே பிணக்குவியலைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தது.

கரையில் கரடி நின்றது. தங்கை அதன் முன்னால் போய், "என் அக்காளுக்கு இருமல்" என்றது. அந்தச் சொல்லை அது வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

"அப்படியா? அந்த நாவல் மரத்தடிக்கு அழைத்துப் போ. நோயாளிகளுக்குத் தனி ஊற்று அங்கே இருக்கிறது. மந்தி பழம் போடும்" என்றது கரடி.

"எங்களைத் துரத்த மாட்டீர்களா?"

"துரத்தினால் அடுத்தவர் என்னிடம் எப்படிச் சொல்வார்?"

நாவல் மரத்தடியில் நிறையப் பேர் இருமிக்கொண்டு படுத்திருந்தார்கள். அங்கேயும் சிலர் இறந்துதான் போயிருந்தார்கள். ஆனால் பலர் எழுந்து நடந்தார்கள். நாட்கள் செல்ல அக்காளும் எழுந்து புல் கடித்தது.

ஒரு மாலை தங்கை ஆற்றங்கரைக்கு வந்தது. எதிர்க்கரையில் காட்டெருது தனியாக நின்றது. விலா எலும்புகள் தெரிந்தன. சுற்றிலும் வேறு யாரையும் காணவில்லை.

"தலைவரே, இந்தப் பக்கம் வாருங்கள். இங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று தங்கை கூப்பிட்டது.

"எனக்கு ஒன்றுமில்லை" என்றது காட்டெருது. பேச்சு முடிவதற்குள் இருமல் அதை உலுக்கியது. அது திரும்பி மரங்களுக்குள் நடந்தது.

நீதி: நோயைச் சொல்லப் பயப்படும் இடத்தில் நோயாளிகள் குறைவாகத் தெரிவார்கள், சாவோ அதிகமாக இருக்கும்.