மார்கழியில் ஒரு மாம்பழ வாசனை

மார்கழி மாதத்தில் மடத்து அடுக்களையிலிருந்து மாம்பழ வாசனை வந்தது.

மாவாட்டுகிற செல்லத்தாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள், பூசணிக்காய்க் குவியலைப் புரட்டினாள், பரணில்கூட ஏறித் தேடினாள். ஒரு மாங்கொட்டைகூட அகப்படவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் மட்டும் வந்தது. இருமலுக்குப் பின்னாலேயே சமையல்காரர் நயினார் வந்தார்.

"அண்ணாச்சி, மாம்பழம் திங்கீயளா?"

"மார்கழியில ஏதுட்டி மாம்பழம்? போயி மாவைப் பாரு."

அந்த ஆற்றங்கரை மடத்துக்குச் சீடரும் சங்கரநயினார்தான், சமையல்காரரும் அவர்தான். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஐம்பது வயதுக்குமேல் வந்து ஒட்டிக்கொண்டவர். குருவான தாண்டவசாமி அவரைவிட இளையவர். இருந்தாலும் சந்தேகம் கேட்பது நயினார், பதில் சொல்வது சாமி என்கிற முறை மாறியதில்லை. உயிர் எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி உளுந்து ஏன் பொங்கவில்லை என்பதுவரை கேட்பார்.

இட்லி விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வராது. அங்கே அவர்தான் குரு.

"இட்லி தண்ணியில வேகல, தண்ணியோட மூச்சில வேகுது. கீழ என்ன கொதிக்கோ அதுதான் மேல ஏறும்" என்பார். மண்ணெண்ணெய் தொட்ட கையோடு யாரோ பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று, ஓர் ஈடு இட்லியை அப்படியே கன்றுக்குட்டிக்குப் போட்டவர் அவர். பானை தேய்ப்பதிலும் அதே பிடிவாதம். புளியும் சாம்பலும் எடுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தேய்த்தால்தான் தூக்கம் வரும்.

இப்படிப்பட்ட மனிதரைப் பார்க்க ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஒரு மச்சினன் வந்தான். போகும்போது பேனா மாதிரி ஒரு சாமானைக் கையில் திணித்துவிட்டுப் போனான். மின் சிகரெட். அதில் ஊற்றிக்கொள்ள ஒரு பை நிறையச் சின்னப் புட்டிகள். உறிஞ்சினால் மாம்பழ வாசனையோடு வெள்ளையாக வரும்.

நயினார் பிறந்ததிலிருந்து ஒரு பீடி தொட்டதில்லை. "இது புகையில்ல அத்தான், வெறும் ஆவி" என்றான் மச்சினன். அதோடு நயினார் விழுந்துவிட்டார். ஆவியை நம்பியே பேர் வாங்கியவர் இல்லையா!

முதல் இழுப்பில் தலை சுற்றியது. பித்தம் என்றார். நெஞ்சு படபடத்தது. குருபூசை வேலை நெருங்குகிறதே என்றார். இருமல் வந்தபோது மிளகாய்க் கமறல்மேல் பழி போட்டார். ஆற்றுப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதற்குப் படி கட்டியவனைத் திட்டினார். கார்த்திகை பிறந்தபோது, கண் விழித்ததும் சாமி படத்தைத் தேடுகிற கை பேனாவைத் தேட ஆரம்பித்திருந்தது. இதற்கு யார்மேல் பழி போடுவது என்று தெரியவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

செல்லத்தாய் மாம்பழத்தைத் தேடிய அன்றுதான் குருபூசை. ஊரே காலை இட்லிக்கு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. முதல் ஈட்டில் சாமி ஒரு விள்ளல் சாப்பிட்ட பிறகுதான் பந்தி என்பது மடத்து வழக்கம். அதற்காக அடுக்களைக்குள் வந்த சாமி மூக்கை உயர்த்தினார்.

"மாம்பழம் மணக்குதே."

செல்லத்தாய் நயினாரைப் பார்த்தாள். நயினார் விட்டத்தைப் பார்த்தார். குருவிடம் பொய் சொல்ல வராது. அதனால் விஷயத்தை வழக்கம்போல ஒரு சந்தேகமாக மாற்றிக் கேட்டுவிட்டார்.

"சாமி, நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது. வெறும் ஆவியை இழுத்தா மனுசனுக்குக் கெடுதலா?"

"எதுன்னு காட்டும்."

மடியிலிருந்து பேனா வந்தது. கூடவே ஒரு பாதிப் புட்டியும் வந்தது. சாமி புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இட்லி ஆவி மாதிரியா?"

"அதே மாதிரிதான் சாமி. இன்னும் வாசனையா இருக்கும்."

"நல்லதாப் போச்சு."

சாமி இட்லிப் பானையின் மூடியைத் திறந்தார். புட்டியை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார்.

"தட்டை வைம்மா, செல்லத்தாயி."

செல்லத்தாய் மாவு ஊற்றிய தட்டுகளை அடுக்கி மூடினாள். நயினார் தடுக்கக் கை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூடியின் ஓரத்தில் ஆவி கிளம்பியதும் வாசலில் யாரோ, "இன்னைக்கு மாம்பழ இட்லி டோய்!" என்று கத்தினார்கள். பந்தியில் ஒரே சந்தோஷம்.

"சாமி, வேண்டாம் சாமி. சின்னப் பிள்ளைகள்லாம் வந்திருக்கு. மாசமா இருக்கிற பொண்ணுகளும் வந்திருக்கு."

"ஆவிதான வே?"

"ஆவிதான். ஆனா கீழ கொதிக்கிறது மேல ஏறுமே!"

"உள்ள என்ன இருக்கு?"

"மாம்பழம்."

"மாம்பழம் மட்டுமா?"

"நிக்கோட்டின் உண்டாம். பீடிக்காரனை விடாமப் பிடிச்சு வைக்கிற சாமான் அதுதானாம். கொஞ்சந்தானாம். அப்புறம் இன்னும் என்னமோ இருக்குன்னான்."

"என்னமோன்னா?"

"கேக்கல சாமி."

"பெருங்காயம் வாங்கினா டப்பாவை மோந்து பாத்து, நாக்குல வச்சுப் பாத்து, கடைக்காரன் பாட்டன் பேருவரைக்கும் விசாரிப்பீரே."

"அது ஊர்க்காரங்க வயித்துக்குப் போறதுல்லா!"

சாமி தலையை ஆட்டினார்.

"இட்லிக்குத்தான் ஆகாது சாமி. மனுசன் இழுத்தா ஒண்ணும் செய்யாதுன்னு மச்சினன் சொன்னான்."

"மச்சினன் வைத்தியரா?"

"ஏசி மெக்கானிக்."

சாமி மூடியைத் தானே திறந்தார். இட்லி பூப்போல வெந்திருந்தது. அந்த நேரத்திலும் நயினாருக்கு அதில் ஒரு சின்னப் பெருமை வந்தது. சாமி இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் இட்லியை வைத்தார். ஒரு விள்ளல் எடுத்தார். கை வாய்க்குப் போனது.

நயினார் பாய்ந்து இலையைப் பிடுங்கினார். சாமி கையிலிருந்த விள்ளலையும் தட்டிவிட்டார். குருவின் இலையில் சீடன் கை வைப்பது அந்த மடத்தில் அதுவரை நடந்ததில்லை. செல்லத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கே என்னன்னு தெரியாத சாமானை உங்க உடம்புக்குள்ள எப்படி சாமி விடுவேன்?" என்றார் நயினார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு அவருக்கென்று இருந்தவர் அந்த ஒரு மனிதர்தான்.

சாமி எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"கன்னுக்குட்டிக்குப் போட்டுறட்டுமா அண்ணாச்சி?" என்றாள் செல்லத்தாய்.

"கன்னுக்குட்டி உனக்கு என்ன செஞ்சுது? குழி தோண்டிப் புதை."

வேறு பானை அடுப்பேறியது. ஊர் சாப்பிட்டது. மாம்பழ இட்லி ஏன் வரவில்லை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், அவர்களுக்குக் கூடுதலாகச் சட்னி ஊற்றிச் சமாதானம் செய்தார்கள்.

பந்தி முடிந்ததும் நயினார் அந்தப் பழைய பானையை ஆற்றுப்படிக்குத் தூக்கிப்போனார். வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். புளி, சாம்பல், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டு, தோள்வரை கையை விட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார். மாம்பழம் போவதாக இல்லை.

கை பானைக்குள் இருந்தாலும் மனம் அடுக்களைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பெருங்காய டப்பாவுக்குள் இன்னொரு புட்டி இருந்தது. இன்றைக்கு மட்டும், நாளையிலிருந்து விட்டுவிடலாம் என்று நினைத்தார். நேற்றும் இதையேதான் நினைத்தோம் என்பது ஞாபகம் வந்து, தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சாமி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"வாசனை போகல சாமி. ஒரே ஒரு ஈடுதான் வச்சோம், இந்தப் பாடு படுத்துது."

"விடும். வேற பானை வாங்கிக்கிடலாம்."

நயினார் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் முந்திக்கொண்டது. பானைக்குள் குனிந்தபடியே இருமினார். அது உள்ளே போய் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அது அடங்கியதும் சாமி கேட்டார்.

"இது எங்க இருந்து வருது?"

நயினார் பானையிலிருந்து கையை உருவி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். புளியும் சாம்பலுமாக ஐந்து விரலும் அங்கே பதிந்தன.

"அங்க கை எட்டுமா, நயினாரே?"